ஒரு விளையாட்டுக் கருவிக்கு ‘நண்டு’ என்று பெயர் வைத்தபோது

ஆறு வயதுக் குழந்தை “செரி” என்று சொன்னால், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா? ஒன்றரை வருடமாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். சில நாட்களில் எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். மறுநாள் காலையில் என் மகளுக்குத் தலை பின்னிவிடும்போது, கூடாது என்று தோன்றும்.

அடுத்த மாதத்திலிருந்து நான் அலுவலகத்துக்கு வரமாட்டேன். எனக்கு இது எட்டாவது மாதம். இனி பஸ்ஸில் போய்வர வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு திரும்பி வருவேனா என்பதும் தெரியவில்லை. என் வேலைக்கு நீங்கள் மூன்று பேர் புதிதாக வந்திருக்கிறீர்கள். பொருளுக்குப் பெயர் தேடுவது, பெட்டியின்மேல் என்ன எழுதுவது, உள்ளே வைக்கும் தாளில் என்ன எழுதுவது என்பதையெல்லாம் கோப்புகளில் ஒழுங்காக வைத்திருக்கிறேன். கோப்பில் எழுத முடியாதது ஒன்று உண்டு. அதை இங்கே எழுதுகிறேன். நம் அலுவலகத்துக்கு வெளியே இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கும் பயன்படலாம்.

வெளியில் இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நாகர்கோவிலிலிருந்து கொட்டாரம் போகும் சாலையில், ஒரு மாடியில் பன்னிரண்டு பேர் சேர்ந்து குழந்தைகளுக்கான கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்றைச் செய்தோம். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குத் திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள். இன்டர்நெட் கிடையாது, விளம்பரம் வராது. படகை அலையில் கவிழாமல் ஓட்டுவது, ஓடுகிற பஸ்ஸில் இடம் பிடிப்பது போன்ற இருபது விளையாட்டுகள். எல்லாம் தயாரான பிறகும் அதற்குப் பெயர் இல்லை. அந்தப் பொறுப்பு என்னுடையது.

முதலில் நான் வைத்த பெயர் ‘அல்ட்ரா ப்ளே மேக்ஸ்’. இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. மாதிரிக் கருவியில் அந்தப் பெயரை ஒட்டி, வடசேரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே இரண்டு பெண்பிள்ளைகளோடு நின்றிருந்த ஒரு அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயரை வாய்விட்டுப் படித்தார்.

“பேரு கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா இத வச்சு எப்பிடி ஏசுகது?” என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

“பிள்ளையள ஏசண்டாமா? ‘ஏட்டி, அல்ட்ரா ப்ளே மேக்ஸ கீழ வச்சிட்டு சோறு திங்க வா’ன்னு நான் சொல்லி முடிக்கதுக்குள்ள சோறு ஆறிப்போவும்.”

கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அந்த அம்மா எனக்கு என்ன கொடுத்தார் என்று புரிந்தது. விளையாட்டுக் கருவியின் பெயரை அதிகம் சொல்வது விளையாடும் பிள்ளை இல்லை. நிறுத்தச் சொல்கிற அம்மா. அதனால் அந்தப் பெயர் ஏசலைத் தாங்க வேண்டும். கோபத்தில் சொன்னாலும் வாயில் சிக்காமல் வர வேண்டும், சொன்ன பிறகு அந்தக் கோபம் கொஞ்சம் குறைய வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு பெயரையும் என் அடுக்களையில் நின்று உரக்கக் கூப்பிட்டுப் பார்த்தேன். உங்களுக்கும் அதையே சொல்வேன். பெயரைத் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது புழங்கப்போகும் இடத்தில் போய் நின்று, அங்கே எப்படிச் சொல்வார்களோ அப்படிச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது, நம் அலுவலகத்தின் ஓலை. நீங்கள் இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள். எங்கள் கிறிஸ்தவ சபையில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், தொடர்ந்து மூன்று ஞாயிறு ஆலயத்தில் பெண், மாப்பிள்ளை பெயர்களை வாசித்து, தடை உண்டானால் சொல்லலாம் என்று அறிவிப்பார்கள். அதற்குப் பெயர் ஓலை வாசிப்பது. நம் நிறுவனத்தை நடத்துகிற சார் கிறிஸ்தவர் இல்லை, அய்யாவழிக் குடும்பம். ஆனால் ஒரு நண்பரின் கல்யாணத்துக்காகப் போய் இதைக் கேட்டுவிட்டு, மிகவும் பிடித்துப்போய் அலுவலகத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

“ரெண்டு பேரு சேந்து வாழுகதுக்கே மூணு வாரம் கேக்காவ. ரெண்டாயிரம் பெட்டியில அடிக்கப்போற பேருக்கு மூணு நாளு கேக்கப்பிடாதா?” என்பார்.

பெயர் ஒன்று தேறினால் மூன்று நாள், காலை டீக்கு எல்லோரும் கூடும்போது, சார் அதை உரக்க வாசிப்பார். “தடை உண்டா?” என்று கேட்பார். தடை சொல்கிறவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லிவிடுவார்கள். ‘மாயக்கை’ என்ற பெயருக்கு, மூன்றாம் நாள் கடைசி நிமிடத்தில் அஜிதா கையைத் தூக்கினாள். கருவியின் படங்களையெல்லாம் வரைகிறவள், குளச்சல்காரி. “சார், எங்க அம்மை இந்தப் பேரக் கேட்டா, ஆரோ செய்வினை வச்சு அனுப்புன பெட்டின்னு வாசப்படி ஏத்தமாட்டா” என்றாள். பெயர் போயிற்று. எனக்கு அன்றைக்கு வருத்தம். இப்போது அந்தக் கையை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

கடைசியில் ‘கில்லாடி’ என்ற பெயர் மூன்று ஓலையும் தாண்டியது. அடுக்களையிலும் தேறியது. பெட்டி அடிக்க சிவகாசியில் ஒரு அச்சகத்துக்குச் சொல்லியாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்குக் கடைகளில் இருக்க வேண்டும் என்பது திட்டம். நம் மாவட்டத்தில் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கித்தரும் காலம் அதுதான்.

அச்சுக்குப் போகும் நாள் மதியம் எங்கள் வக்கீல் போன் செய்தார். வடக்கே ஒரு பொம்மைக் கம்பெனி அதே பெயரை முன்பே பதிந்து வைத்திருக்கிறதாம். தேடியபோது எழுத்து வேறுபாட்டால் கண்ணில் படவில்லையாம். அச்சகத்துக்குச் சொன்னோம். நாலு மணிக்குள் புதுப் பெயர் வராவிட்டால் இயந்திரத்தில் காலண்டர் வேலை ஏறிவிடும், பிறகு பொங்கல் கழிந்துதான் நம் பெட்டி என்றார்கள்.

அப்போது மணி இரண்டரை. என் பட்டியலில் இருந்த பெயர்களையெல்லாம் வாசித்தேன். ஒன்றுக்கும் யாருடைய முகமும் மாறவில்லை. செல்வின் என்று ஒரு பையன், விளையாட்டுகளுக்கு நிரல் எழுதுகிறவன், இதற்கு நடுவிலும் கருவியைச் சோதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு கையாலும் பிடித்திருந்தான். முழங்கை இரண்டும் வெளியே விரிந்திருக்க, இரண்டு பெருவிரல்களும் ஓயாமல் அசைந்தன.

“ஏலே செல்வினு, நண்டு கணக்கா இருக்கியே” என்றேன்.

அவன் நிமிர்ந்தான். அஜிதா ஒரு தாளை எடுத்து, கருவியை வரைந்து, இரண்டு பக்கமும் கொடுக்கு வைத்தாள். சார் மெதுவாக, “நண்டு” என்று சொல்லிப் பார்த்தார். பிறகு குரலை உயர்த்தி, “நண்ட கீழ வச்சிட்டு வந்து படி” என்றார். எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். தேறிவிட்டது.

இப்போது நான் அன்று சொல்லாததைச் சொல்ல வேண்டும். நண்டு என்பது என் மகளின் வீட்டுப் பெயர்.

பள்ளிக்கூடத்திலும் சபையிலும் அவள் ஜெனிஷா. தவழும் வயதில் அவள் நேராகப் போகமாட்டாள். பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். காலில் ஏதோ குறை என்று பயந்து நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். அவர் சிரித்தார். அவர் சரியாகப் பார்க்கவில்லையோ என்று இன்னொருவரிடம் போனேன். அவரும் சிரித்தார். வெளியே வந்ததும் என் கணவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, “நாம பெத்தது நண்டாக்கும். அது அப்பிடித்தான் போவும். நீ வா” என்றார். அன்றிலிருந்து அவள் நண்டு. வீட்டில் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த பெயர்.

மூன்று நாள் நேரமில்லாததால், சார் மூன்று ஓலையையும் பத்து நிமிடத்தில் வாசித்தார். முதல் தடவை நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவை சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. ஏன் சொல்லவில்லை என்று உண்மையாகவே எழுதப் பார்க்கிறேன். அந்த வருடம் முழுவதும் நான்தான் அடிக்கடி விடுப்பு எடுத்திருந்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல், பிள்ளைக்குப் பல்வலி, பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் கூட்டம். பன்னிரண்டு பேர் கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது, மறுபடியும் பிள்ளைக் கதையா என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்று இருந்தது. அது பாதி. மீதிப் பாதி, எல்லோரும் என்னைச் சந்தோஷமாகப் பார்த்தார்கள். அதை விட மனமில்லை.

மூன்றாவது தடவை வாசித்துவிட்டு சார் என்னைப் பார்த்தார். “பிள்ளே, உனக்கும் தடை இல்லல்லா?”

“இல்ல சார்.”

வக்கீல் தேடிப் பார்த்து, அந்தப் பெயரை யாரும் பதியவில்லை என்றார். மூன்றே முக்காலுக்கு அச்சகத்துக்குப் போயிற்று.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் பள்ளி ஆசிரியர். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

“நம்ம பிள்ளைக்க பேரல்லா அது?”

“பேரு ஜெனிஷா. இது சும்மா கூப்பிடுகதுதானே.”

“சும்மா கூப்பிடுகதுன்னா, நீ எதுக்கு இம்புட்டு மெதுவா சொல்லுக?”

மகளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பரீட்சை முடியட்டும் என்று தள்ளினேன். பிறகு சளி பிடித்திருந்தது, சளி போகட்டும் என்று தள்ளினேன். மூன்று வாரம் போய்விட்டது.

மழைக்காகப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்ட ஒரு நாள், அவளை அலுவலகத்துக்குக் கூட்டிவந்தேன். அன்று காலைதான் சிவகாசியிலிருந்து பெட்டிகள் வந்து இறங்கியிருந்தன. அது எனக்குத் தெரியாது. படியேறி உள்ளே நுழைந்தால், சுவர் ஓரமாக இடுப்பு உயரத்துக்கு மஞ்சள் பெட்டிகள். அவள் அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தாள். பஸ்ஸில் வரும்போது கடைப் பலகைகளையெல்லாம் படித்துக்கொண்டுதான் வந்தாள். நான் தடுப்பதற்குள் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள்.

“ந... ண்... டு.”

திரும்பி என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் வெளிச்சம். “அம்மா! எனக்க பேரு!”

செல்வின் வந்து குனிந்தான். “இது விளையாடுகதுக்க பேரு மக்கா. உனக்க பேரு ஜெனிஷால்லா?”

“அது ஸ்கூல்ல. வீட்டில எனக்க பேரு நண்டு.”

அவன் சிரிக்கவில்லை. அஜிதா கையிலிருந்த, பெட்டி ஒட்டும் டேப்பைக் கீழே வைத்தாள். சார் உள்ளிருந்து வந்தார். அவர் என்னைக் கோபித்திருக்கலாம்.

“அன்னைக்கு மூணு தரம் கேட்டம்லா பிள்ளே?” என்று மட்டும் கேட்டார்.

“கேட்டீங்க சார்.”

ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “ஸ்டிக்கர் அடிச்சு மேல ஒட்டிரலாம். நாம பன்னிரண்டு பேரு இருக்கம். மூணு நாளு இருந்தா தீந்துபோவும். வேற பேரு யோசிப்பம். ஒண்ணும் கெட்டுப்போவல்ல.” பிறகு, “ஆனா இன்னும் ஒரு ஆளுட்ட ஓலை வாசிக்கல்லியே” என்றார்.

ஒரு அட்டைப்பெட்டியை இழுத்துப்போட்டு, என் மகளுக்கு முன்னால், அவள் உயரத்துக்கு உட்கார்ந்தார். ஆலயத்தில் வாசிப்பது போலவே நிதானமாகச் சொன்னார். “இந்த விளையாட்டுப் பெட்டிக்கு நண்டுன்னு பேரு வைக்கப்போறோம். மக்கா, உனக்குத் தடை உண்டானா சொல்லலாம். வேண்டாம்னா வேண்டாம். ஆரும் ஏசமாட்டோம்.”

அவள் முதலில் என் முகத்தைப் பார்த்தாள். நான் முகத்தில் ஒன்றும் இல்லாமல் வைத்துக்கொள்ளப் பார்த்தேன். முடிந்ததா என்று தெரியவில்லை. பிறகு அவரைப் பார்த்து, “செரி” என்றாள்.

சார் இரண்டாவது தடவை கேட்டார். “செரி.”

மூன்றாவது தடவை கேட்பதற்குள் அவள் டேப்பை எடுத்து விளையாடத் தொடங்கியிருந்தாள். “செரி மாமா” என்றாள் நிமிராமலே.

அப்படித்தான் அந்தப் பெயர் நின்றது.

யார் செய்த தவறு என்று கேட்டால், சார் செய்ததில் தவறு இல்லை. அவர் காட்டியதைவிட மரியாதை ஒரு குழந்தைக்குக் காட்ட முடியாது. நான்தான் அந்த அறையை விட்டு வெளியே போயிருக்க வேண்டும். இதை மட்டும் உங்களுக்கு உறுதியாகச் சொல்வேன். உங்களை நம்பி இருக்கிற ஒருவரிடம் சம்மதம் கேட்கும்போது, உங்கள் முகத்தை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் தன் மனதைப் பார்த்துச் சொல்லமாட்டார், உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வார். அதற்கும் முன்னால், அவசரத்தில் யாராவது பொருத்தமான பெயர் ஒன்றைச் சட்டென்று சொன்னால், நன்றாக இருக்கிறதே என்று பிடித்துக்கொள்ளாதீர்கள். அது எங்கிருந்து வந்தது, அதை ஏற்கெனவே யார் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். சொன்னவர் நீங்களாக இருந்தால் இரண்டு தடவை கேளுங்கள்.

நண்டு நன்றாகப் போயிற்று. உங்களுக்கே தெரியும். வடசேரிக் கடைக்காரர் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினார். பிள்ளைகள் கடிதம் எழுதினார்கள். பிள்ளைகளின் அம்மாக்களும் நாங்கள் எதிர்பார்த்தபடியே ஏசினார்கள்.

வீட்டில்தான் மாறிவிட்டது. பெட்டிகள் கடைக்குப் போன வாரத்தில் ஒரு நாள், என் கணவர் வழக்கம்போல, “நண்டே, சாப்பிட வா” என்று கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, வழி கேட்டவருக்கு வழி சொல்வது போல, “அப்பா, நண்டு பெட்டிக்குள்ள இருக்கு. நான் ஜெனிஷா” என்றாள். கோபம் இல்லை. அழுகை இல்லை. கோபித்திருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன்.

“செரி மோளே” என்றார் அவர். அதன் பிறகு நாங்கள் இரண்டு பேருமே அந்தப் பெயரைச் சொல்வதில்லை. எனக்கு நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுவேன்.

ஒரு நாள் அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் நிலையத்தில் நின்றபோது, பக்கத்தில் ஒரு அம்மா தன் பிள்ளையை ஏசிக்கொண்டிருந்தார். “இனி ஒருக்க அந்த நண்ட கையில பாத்தேன்னா, தூக்கிக் குப்பையில எறிஞ்சிருவேன்!” என் கைக்குள் இருந்த சின்னக் கை இறுகியது. நான் குனிந்து பார்த்தேன். அவள் வரப்போகும் பஸ்ஸின் பலகையைப் படிப்பதுபோல் தூரத்தில் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏசலைத் தாங்குகிற பெயராகத் தேடித் தேடி எடுத்தவள் நான். அந்த ஏசலை யார் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும் என்று யோசிக்கவே இல்லை.

ஒருவேளை நான்தான் பெரிதாக்குகிறேனோ என்றும் நினைப்பதுண்டு. ஆறேழு வயதில் பிள்ளைகள் வீட்டுப் பெயரை உதறுவது சகஜம் என்கிறார் கணவர். கருவி வராமலிருந்தாலும் உதறியிருப்பாளாம். இருக்கலாம். ஆனால் அப்படியென்றால் அது அவள் உதறியதாக இருந்திருக்கும். நான் எடுத்துப்போனதாக இருந்திருக்காது.

போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பையை இறக்கிவிட்டு, என் வயிற்றில் கை வைத்து, கிட்டத்தில் வாயை வைத்து ஏதோ ரகசியம் பேசினாள். எனக்குக் கேட்கவில்லை. உள்ளே குழந்தை அசைந்தது. அவளுக்குப் பெரிய சந்தோஷம்.

“பாப்பாக்கு வீட்டுப் பேரு வச்சாச்சு. கூப்பிட்டா கேக்கு அதுக்கு” என்றாள்.

“அப்பிடியா! என்ன பேரு மக்கா?”

பென்சில்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டே சொன்னாள். “உன்னிட்ட சொல்லமாட்டேன். நீ ஆபீசுக்குக் கொண்டு போயிருவ.”

நான் இனி ஆபீசுக்குப் போகப்போவதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அது அவள் சொன்னதற்குப் பதில் இல்லை என்று பட்டது. உருண்டுபோன ஒரு பென்சிலை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டு, பெயரைச் சொல் என்று கேட்கலாமா? கேட்டால் மறுபடியும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “செரி” என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. கேட்காமலே இருந்தால், எனக்கு அக்கறையில்லை என்று நினைத்துவிடுவாளோ என்றும் பயமாக இருக்கிறது. நீங்கள் மூன்று பேரும் என்னைவிட வயதில் சின்னவர்கள். வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற வயதைத் தாண்டி உங்களுக்கு அதிக நாள் ஆகியிருக்காது. அந்தப் பெயரை உங்களிடமிருந்து யாராவது எடுத்திருந்தால், அவர் என்ன செய்தால் உங்களுக்குச் சரியாகியிருக்கும்? தெரிந்தால் எழுதுங்கள். இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. பாப்பாவின் பெயரை அவளாக வந்து சொல்லும்வரை, பிறக்கப்போகும் குழந்தையை நான் மட்டும் என்ன சொல்லிக் கூப்பிடுவது?